‘பிம்ப்’ என்னும் சொல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

‘பிம்ப்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள், பிறரைப் பாலியல் தொழிலில் இறக்கி அவர்களின் வருமானத்தில் வாழ்பவர் என்பது. வாடிக்கையாளரைப் பிடித்து வருவது, பணத்தை வாங்கிக்கொள்வது, தொழிலில் இருப்பவரைத் தன் பிடியிலேயே வைத்திருப்பது ஆகிய மூன்றும் அதற்குள் அடங்கும். கடந்த அறுபது ஆண்டுகளில் அமெரிக்கப் பேச்சுவழக்கும் திரைப்படமும் ராப் இசையும் இதே சொல்லுக்குப் பகட்டான ஆள், அலங்கரித்தல், கூவி விற்றல் என்று புதிய பொருள்களைக் கொடுத்துவிட்டன. இந்தப் புதிய பொருள்களை மட்டும் கேட்டுப் பழகியவர்களிடம் சொல்லைப் பற்றியும் அது குறிக்கும் ஆளைப் பற்றியும் சில தவறான நம்பிக்கைகள் நிலைத்திருக்கின்றன.

நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘பிம்ப்’ ஆனது என்பது அவற்றில் ஒன்று. ராப் பாடகர் ஃபிஃப்டி சென்ட் 2003இல் வெளியிட்ட பாடலின் தலைப்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் புள்ளி வைத்திருந்ததும் இந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்தது. ஆனால் இது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் பதிவான சொல். முதலெழுத்துகளைக் கோத்துப் புதுச் சொல் செய்யும் வழக்கம் ஆங்கிலத்தில் பரவியதோ 20ஆம் நூற்றாண்டில்தான். உண்மையான மூலம் எது என்பதில் அகராதிகள் உறுதியாக எதையும் சொல்வதில்லை. அழகாக உடுத்துவதைக் குறிக்கும் ‘பிம்பே’ என்ற பிரெஞ்சு வினைச்சொல்லையும், சிறுபையனைக் குறிக்கும் ‘பிம்ப்ஃப்’ என்ற ஜெர்மன் சொல்லையும் ஊகமாகவே காட்டுகிறார்கள். ஏறத்தாழ இதே பொருள் தரும் ‘பாண்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் தெளிவான பிறப்பு உண்டு. ஹோமரின் இலியத்தில் வில்வீரனாக வரும் பாண்டரஸ், இடைக்கால ஐரோப்பியக் காதல் கதைகளில் காதலர்களைச் சேர்த்துவைக்கும் உறவினனாக மாறினான். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய காவியத்தின் வழியே அவன் பெயர் ஆங்கிலத்தில் ஒரு தொழிலின் பெயராகவே ஆகிவிட்டது.

ஒலி ஒற்றுமையால் வரும் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வட இங்கிலாந்து இடையர்கள் ஆடு எண்ணும் பழைய வாய்பாட்டில் ஐந்தாம் எண் ‘பிம்ப்’. வேல்ஸ் மொழியிலும் ஐந்தின் உச்சரிப்பு கிட்டத்தட்ட அதுவே. இந்த எண்ணுக்கும் நாம் பேசும் சொல்லுக்கும் தொடர்பில்லை. தென்கிழக்கு இங்கிலாந்தில் அடுப்பு மூட்டும் சிறு சுள்ளிக்கட்டுக்கும் இந்தப் பெயர் இருந்ததை 1720களில் எழுத்தாளர் டானியல் டெஃபோ தம் பயணநூலில் குறித்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் கோள் சொல்பவனுக்கு இந்தப் பெயர் வழங்குகிறது.

அடுத்த நம்பிக்கை ஆபத்தானது. பிம்ப் என்பவன் பாதுகாப்புத் தருபவன், அதற்காகப் பங்கு வாங்குகிறான் என்று பலர் எண்ணுகிறார்கள். கல்யாணத் தரகர், வீட்டுத் தரகர் வரிசையில் அவனையும் வைத்துப் பார்க்கும் எண்ணம் இது. தரகர் இரு தரப்பையும் சேர்த்துவிட்டுக் கமிஷனோடு விலகிவிடுவார். பிம்ப் விலகுவதில்லை. காதல் வார்த்தையில் தொடங்கி, பிறகு கடன், போதைப்பொருள், அடி, குழந்தையைப் பற்றிய மிரட்டல் என்று கண்ணிகளை இறுக்கி, முழு வருமானத்தையும் அவனே கைப்பற்றிக்கொள்வது பல நாடுகளின் வழக்குகளில் திரும்பத் திரும்பப் பதிவான முறை. நெதர்லாந்தில் காதலன் வேடத்தில் வந்து இளம்பெண்களைச் சிக்கவைப்பவர்களுக்கு ‘லவர்பாய்’ என்றே தனிப்பெயர் உண்டு. அமெரிக்கத் தெருவழக்கே உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒருவன் பிடியில் இருக்கும் பெண்களின் கூட்டத்துக்கு அங்கே ‘ஸ்டேபிள்’, அதாவது குதிரை லாயம் என்று பெயர். ஓர் இரவில் கொண்டுவந்து கொடுக்கவேண்டிய தொகை ‘கோட்டா’. பாதுகாக்கப்படுகிறவர்களைப் பற்றி யாரும் இந்தச் சொற்களில் பேசமாட்டார்கள்.

அந்த லாயத்தில் மூத்தவளாக இருந்து மற்றவர்களைக் கண்காணிக்கும் பெண்ணுக்கு ‘பாட்டம்’ என்று பெயர். அவளும் முதலில் சிக்கியவள்தான். வழக்கு வரும்போது அவளே குற்றவாளியாகவும் நிற்கிறாள். பிம்ப் என்றால் ஆண்தான் என்ற எண்ணம் இங்கே பொருந்தாமல் போகிறது. பாலியல் சுரண்டலுக்கு மட்டுமன்றி எல்லா வகை நோக்கங்களுக்குமான ஆள்கடத்தலைக் கணக்கிட்ட ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகத்தின் 2020 அறிக்கை, தண்டனை பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள் என்று சொல்கிறது.

சட்டமும் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. கலிஃபோர்னியா சட்டத்தில் ஒருவரின் பாலியல் தொழில் வருமானத்தில் தெரிந்தே வாழ்வது ஒரு குற்றம். ஒருவரைத் தூண்டி அந்தத் தொழிலில் சேர்ப்பது தனிக் குற்றம். அடித்தார், மிரட்டினார் என்று மெய்ப்பிக்காமலேயே முதற்குற்றம் நிலைநிற்கும். இந்தியாவின் 1956ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்திலும் ‘பிம்ப்’ என்ற சொல் அப்படியே இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவின்படி, பாலியல் தொழிலில் ஈடுபடும் இன்னொருவரின் வருமானத்தில் தெரிந்தே வாழும் 18 வயது கடந்த எவருக்கும் 2 ஆண்டு வரை சிறையோ 1000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். வருமானம் ஒரு குழந்தையைக் கொண்டு ஈட்டப்பட்டது என்றால் தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாது, 10 ஆண்டு வரை போகலாம்.

இந்தப் பிரிவின் அகலம் ஒரு துயரத்தையும் கொண்டுவருகிறது. அம்மாவின் சம்பாத்தியத்தில் கல்லூரியில் படிக்கும் 19 வயது மகனும், மகளை நம்பி வாழும் வயதான தாயும் அதன் சொற்களுக்குள் வந்துவிடுகிறார்கள். சுரண்டுபவனையும் சோற்றுக்கு அண்டியிருப்பவரையும் ஒரே வாக்கியத்தில் அடைப்பது அநியாயம். பாலியல் தொழிலில் இருக்கிறாள் என்பதற்காக மட்டும் தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் கூறியது. பாலியல் தொழிலில் இருப்பவருக்கும் குடும்பம் உண்டு என்ற உண்மையை ஏற்றுக்கொண்ட சொற்கள் அவை.

இத்தனை கொடுமையைக் குறிக்கும் சொல்லுக்குக் கவர்ச்சி எங்கிருந்து வந்தது? சிகாகோவைச் சேர்ந்த ராபர்ட் பெக், ஐஸ்பெர்க் ஸ்லிம் என்ற பெயரில் 1967இல் தன் வாழ்க்கைக் கதையை வெளியிட்டார். புத்தகத்தின் பெயரே ‘பிம்ப்’. பெண்களுக்குத் தான் இழைத்த வன்முறையைக் கூசாமல் விவரிக்கும் நூல். செய்ததற்கு வருந்தியே எழுதுவதாக முன்னுரையில் சொல்கிறார். வாசித்தவர்களில் பலர் வருத்தத்தை விட்டுவிட்டு நடையையும் உடையையும் எடுத்துக்கொண்டார்கள். ஐஸ்-டி என்ற ராப் பாடகர் தம் பெயரையே அவரை நினைத்து வைத்துக்கொண்டவர். 1973இல் வந்த ‘தி மேக்’ போன்ற படங்கள் விலங்கு ரோம மேலங்கியும் அகன்ற தொப்பியும் மினுங்கும் காடிலாக் காருமாக ஓர் உருவத்தைத் திரையில் நிறுத்தின. காவல்துறையின் தொந்தரவும் இனவெறியும் சூழ்ந்த நகரத்தில் யாருக்கும் பணியாமல் நிற்பவனாக அவனைக் கண்டு ரசித்தவர்கள் உண்டு. அவன் காருக்கு யார் உடல் விலையானது என்ற கேள்வி அந்த ரசனையில் காணாமல் போனது.

கார்தான் அடுத்த பொருளுக்கும் பாலம். ஆடம்பரமாகச் சோடித்த அந்த வண்டிகளுக்கு ‘பிம்ப்மொபைல்’ என்று பெயர் வந்தது. அதிலிருந்து ஒரு பொருளைப் பளபளவென்று மாற்றி அலங்கரிப்பதே ‘பிம்ப்’ செய்வது என்றாயிற்று. 2004இல் எம்டிவி தொடங்கிய ‘பிம்ப் மை ரைட்’ நிகழ்ச்சி பழைய கார்களைப் புதுப்பித்துக் காட்டி இந்தப் பொருளை உலகெங்கும் கொண்டுசென்றது. ஜெர்மன், டச்சு மொழிகளில் ‘பிம்பன்’ என்றால் இன்று பெரும்பாலும் மெருகேற்றுவதே. பழைய தொழிலுக்கு ஜெர்மனியர்களிடம் ‘ட்ஸூஹெல்ட்டர்’ என்ற வேறு சொல் இருக்கிறது.

இதனால் பழைய பொருள் கழுவப்பட்டுவிட்டது என்று நம்புவது தவறு. ஹிலாரி கிளிண்டனுக்காக மகள் செல்சீ ஆதரவு திரட்டியதைப் பற்றி 2008 பிப்ரவரியில் எம்எஸ்என்பிசி தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் இந்த வினைச்சொல்லால் பேசினார். கூவி விற்கவைப்பது என்ற பொருளில்தான் சொன்னார். கேட்டவர்கள் காதில் விழுந்தது தாய் மகளை விற்கிறாள் என்பது. தொலைக்காட்சி மன்னிப்புக் கேட்டு அவரைத் தற்காலிகமாக நீக்கியது. ஆணோ பெண்ணோ, ஓர் ஆளைக் குறித்துச் சொல்லும் இடத்தில் பழைய பொருள் உடனே எழுந்துவிடுகிறது.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு தனிப் பொருளும், அதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையும் உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளில் மூத்த மருத்துவர் பயிற்சி மாணவர்களைச் சரமாரியாகக் கேள்வி கேட்டுத் திணறடிப்பதற்கும் ‘பிம்பிங்’ என்று பெயர். ஃபிரெடரிக் பிரான்காட்டி 1989இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய கட்டுரை இதைப் பிரபலமாக்கியது. புகழ்பெற்ற மருத்துவர்களான வில்லியம் ஹார்வி 1628இலும் ராபர்ட் காக் பின்னரும் இதைப் பற்றிக் குறிப்பிட்டதாக அதில் வருவது நகைச்சுவைக்காகப் புனைந்தது. பலர் அதை வரலாறாக எடுத்துக்கொண்டு மேற்கோள் காட்டுகிறார்கள்.

தமிழில் இந்த ஆளைக் குறிக்கக் ‘கூட்டிக்கொடுக்கிறவன்’ என்ற நேரடிச் சொல்லும், ‘மாமா’, ‘மாமா வேலை’ என்ற கொச்சையும் வழங்குகின்றன. பதவிக்காகவும் காரியத்துக்காகவும் குழைகிறவனைத் திட்டவும் இவை பயன்படுகின்றன. அந்த அளவில் தமிழ்க் கொச்சையும் விரிந்திருக்கிறது. ஆனால் இவற்றுக்கு ஆங்கிலச் சொல்லுக்குக் கிடைத்த மினுக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை. வண்டியை அலங்கரிப்பதை யாரும் மாமா வேலை என்று சொல்லமாட்டார்கள். செய்தித்தாள்கள் ‘புரோக்கர்’, ‘தரகர்’ என்றே எழுதுகின்றன. இடையில் நின்று கமிஷன் வாங்கியவருக்கு அது சரியான சொல். பெண்ணைப் பூட்டிவைத்து அவள் வருமானத்தைப் பறித்தவருக்கும் அதே சொல்லைப் போடும்போது, குற்றத்தின் பாதி செய்தியிலிருந்து விடுபட்டுப்போகிறது.