பாட்டிக்குத் தெரிந்த மூன்று மொழிகள்

பாலோ வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவி ஓய்ந்த பெரியவங்களில் பலர் பள்ளிக்கூடத்தை அதிகம் பார்த்ததில்லை. ஆனா வீட்டில் தமிழ், ஆபீஸில் மலாய், தவுக்கே கடையில் நாலு வார்த்தை சீனம் என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசுவாங்க. இதை நாம் ஒரு திறமையாகவே நினைப்பதில்லை. மூளைக்கு அது பெரிய வேலை.

ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் டிமென்ஷியா, அதாவது முதுமை மறதி நோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டாங்க. ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டோ அதற்கு மேலோ பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருஷம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கவே தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. அவர்களிடம் சுமார் 6 வருஷம்! படிப்பு, தொழில், நகரமா கிராமமா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அது மறையவில்லை. ஒன்றைக் கவனிங்க: அந்த 648 பேருமே நோயாளிகள். மொழி நோயைத் தடுக்கவில்லை, தள்ளிப்போட்டது.

எப்படி? வெள்ளத்தில் குளுவாங் சாலை மூடிக்கிடந்தா, தோட்டத்து மண்பாதை தெரிந்தவர் எப்படியாவது ஊர் போய்ச் சேருவார். ஒரே சாலை மட்டும் தெரிந்தவர் நின்றுவிடுவார். மூளையிலும் பழகிப் பழகி மாற்றுப் பாதைகள் உருவாகுது. அமெரிக்காவில் 678 கன்னிகாஸ்திரிகளை டேவிட் ஸ்னோடன் பல வருஷம் ஆராய்ந்தார். அவர்களில் சிஸ்டர் மேரி என்பவர் 101 வயதில் இறந்தார். மூளையைப் பரிசோதித்தபோது அல்சைமர் நோயின் அடையாளங்கள் நிறையவே இருந்தன. ஆனால் உயிரோடு இருந்தபோது நினைவாற்றல் சோதனைகளை நன்றாகச் செய்தவர் அவர்.

இங்கேதான் நம் வீட்டு வழக்கம் இடிக்குது. "நீங்க சும்மா உட்காருங்க பாட்டி" என்று கடைக்கணக்கு, சமையல், பூ கட்டுவது எல்லாத்தையும் அன்போடு பிடுங்கிக்கிறோம். பிறகு டிவி முன்னால் உட்கார வைக்கிறோம். கேரளத்தின் கார்த்தியாயினி அம்மா 2018-இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 எடுத்தார். நம்ம பாட்டிக்கு ஏன் ஒரு புது தேவாரப் பதிகம் சொல்லித்தரக் கூடாது? ஐம்பது வருஷமா பாடியதையே பாடுவது மனசுக்கு நல்லது. புதுசாக மனப்பாடம் செய்வதுதான் மூளைக்கு வேலை.

மூளைப் பயிற்சி மட்டும் போதாது. லான்செட் ஆணையம் 2024-இல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் கிட்டத்தட்ட 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. இனிப்பு நீர், ரத்த அழுத்தம், புகை, தனிமை எல்லாம் அதில் உண்டு. நம் சமூகத்தில் இனிப்பு நீர் எவ்வளவு என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பலர் எதிர்பார்க்காதது காது. கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குவார், ஒதுங்கினால் மூளைக்கு வேலை குறையும். தாத்தா கூப்பிட்டும் திரும்பலைன்னா பிடிவாதம் என்று சொல்லாமல், முதலில் கிளினிக்கில் காதைக் காட்டுங்க.

எல்லாம் ஒழுங்காக இருந்தவருக்கும் இந்த நோய் வரலாம். அப்போது சில வீடுகளில் செய்வினை, முன்வினை என்று மாதக்கணக்கில் அலையறாங்க. கோயிலுக்குப் போங்க, அர்ச்சனை செய்யுங்க, தப்பில்லை. ஆனா அதே வாரத்தில் டாக்டரையும் பாருங்க. சத்துக் குறைவு, தைராய்டு, சில மாத்திரைகளால் வரும் மறதியும் உண்டு. அவற்றைப் பெரும்பாலும் சரிப்படுத்தலாம். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லாருக்கும் நடக்கும். தினமும் போய்வரும் கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால், கேட்டதையே பத்து நிமிஷத்தில் மூன்று தடவை கேட்டால், அடுத்த தைப்பூசம் வரைக்கும் காத்திருக்காதீங்க.