மோட்டார் சைக்கிளும் உங்கள் கால் நீளமும்

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவரிடம் அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை சி.சி.?" என்பது. இரண்டாவது, "லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?" என்பது. "உன் கால் எவ்வளவு நீளம்?" என்று யாரும் கேட்பதில்லை. சில நூறு கிராம் எடையுள்ள சட்டைத் துணிக்கும் அளவெடுக்கத் தையற்காரரிடம் போய் நிற்கிறோம். நூறு, இருநூறு கிலோ எடையுள்ள வண்டியை மட்டும் நிறத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம்.

கியர் வண்டி ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் இப்போதைக்குப் பின்னால் உட்காருபவர்கள்தாம். ஆனால் இதற்கான இயற்பியலை நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள். ஈர்ப்பு மையம், விசையின் திருப்புத்திறன் ஆகிய இரண்டும் தெரிந்தால் போதும். வீட்டில் அண்ணனோ அக்காவோ வண்டி வாங்கும்போது கணக்குப் போட்டுச் சொல்ல உங்களால் முடியும்.

நிற்கும்போதுதான் சோதனை

ஓடுகின்ற இரு சக்கர வண்டி ஏன் விழுவதில்லை என்பது அழகான கேள்வி. சக்கரங்களின் சுழற்சியே காரணம் என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், சுழற்சியின் விளைவை நீக்கிய ஒரு சைக்கிளைச் செய்து, அதுவும் தானாக நிமிர்ந்து ஓடுவதை 2011இல் காட்டினார்கள். சாயும் பக்கமே முன் சக்கரமும் திரும்பிக்கொள்வதுதான் இதில் முக்கியம். அது தனிக் கட்டுரைக்குரிய செய்தி. நமக்கு வேண்டியது இவ்வளவே: ஓடும் வண்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். நின்ற வண்டியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2023இல் வெளிவந்த புல்லட் 350ஐ எடுத்துக்கொள்வோம். அதன் நிறை சுமார் 195 கிலோகிராம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கணக்கின் வசதிக்காக வைத்துக்கொள்வோம். வண்டி நேராக நிற்கும்போது எடை சக்கரங்களின் வழியே நேர்கீழே இறங்குகிறது. அதைத் தாங்க நமக்கு வேலையே இல்லை. 5 பாகை சாய்ந்தால்? எடையை உயரத்தாலும் சைன் 5° ஆலும் பெருக்குங்கள்: 195 × 0.55 × 0.087. திருப்புத்திறன் 9.3 கிலோகிராம் மீட்டர். வண்டியின் பக்கத்தில் நின்று, ஒரு மீட்டர் உயரத்திலுள்ள கைப்பிடியைப் பிடித்திருப்பவர் 9.3 கி.கி. எடைக்குச் சமமான விசை தந்தால் போதும். ஒரு குடம் தண்ணீரைவிடக் குறைவு. 10 பாகை சாய்ந்தால் 18.6 கி.கி. 30 பாகை சாய்ந்துவிட்டால் 53.6 கி.கி. இதை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. விட்டுவிட்டு விலகி நிற்பதே புத்தி. "திடீரென்று விழுந்துவிட்டது" என்று சொல்கிறார்களே, அந்தத் 'திடீர்' இந்தச் சைனில்தான் ஒளிந்திருக்கிறது.

கால் எட்டாத நான்கு சென்டிமீட்டர்

இப்போது வண்டியின் மேல் உட்காருவோம். ஓட்டுபவர் 60 கிலோ. அவருடைய ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். சிக்னலில் நிற்க இடது காலை இறக்குகிறார். (வலது கால் பிரேக்கில் இருக்க வேண்டுமல்லவா!) சக்கரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி முன்பாதத்தை ஊன்றப் பார்க்கிறார். பாதத்துக்கும் தரைக்கும் இடையில் 4 செ.மீ. இடைவெளி. ஆகவே பாதம் தரையைத் தொடும்வரை வண்டி சாய்ந்தாக வேண்டும். அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் 4/30, அதாவது 7.6 பாகை.

வண்டி, மனிதர் இரண்டின் திருப்புத்திறனையும் கூட்டுவோம். (195 × 0.55 + 60 × 1) × சைன் 7.6° என்பது ஏறத்தாழ 22 கி.கி. மீட்டர். இதைத் தாங்குவது சக்கரத்திலிருந்து 30 செ.மீ. தூரத்திலுள்ள ஒரு கால். 22ஐ 0.3ஆல் வகுத்தால் சுமார் 73 கி.கி. வருகிறது! 60 கிலோ மனிதர், நுனிக்காலில், தம் உடல் எடையைவிட அதிகமான சுமையைத் தாங்கி நிற்கிறார். இடைவெளி 8 செ.மீ. ஆனால் சுமை 140 கி.கி.க்கு அருகே போய்விடும். சின்ன இடைவெளிகளுக்கு ஒரு எளிய விதி கிடைக்கிறது: இந்த வண்டியில், எட்டாத ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் காலின்மேல் 18 கிலோ ஏறுகிறது.

சாலையும் நமக்கு எதிராகச் சதி செய்கிறது. மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலையை நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் அமைப்பார்கள். நாம் செல்வது இடது ஓரம், ஊன்றுவது இடது கால். மீட்டருக்கு 2½ செ.மீ. சரிவு என்றால், 30 செ.மீ. தூரத்தில் முக்கால் சென்டிமீட்டர் பள்ளம். காலுக்கு இன்னும் 13 கிலோ!

என் பழைய மாணவி ஒருவர் வேளாண்மைத் துறைப் பணியில் மலைக் கிராமங்களுக்குச் சென்று வந்தார். உயரம் 152 செ.மீ. கரடுமுரடான பாதைகளில் சிறு சக்கர ஸ்கூட்டர் ஒத்துவரவில்லை. தம்பியின் உயரமான வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், ஒரு சரிவில் ஆட்டுமந்தைக்காக நின்றார். கால் எட்டவில்லை. வண்டி கணுக்காலின்மேல் விழுந்து எலும்பு விரிசல் கண்டது. இரண்டு மாதம் படுக்கை. "பெண்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு?" என்று வீட்டில் ஆரம்பித்துவிட்டார்கள். வேலையை விட்டுவிடுவதா என்ற பேச்சுவரை போய்விட்டது. கட்டுப் போட்ட காலோடு அவர் என்னிடம் வந்து கேட்டது, "சார், தப்பு என்மேலா, வண்டிமேலா?" என்பதுதான். இருவரும் உட்கார்ந்து மேலே சொன்ன கணக்கைப் போட்டோம். இருக்கைக்கும் காலுக்கும் இருந்த வித்தியாசம்தான் விடை. ஆணாக இருந்தாலும் 152 செ.மீ. உயரம் என்றால் அந்த வண்டி அதே சரிவில் விழுந்திருக்கும்.

இருக்கை உயரம் மட்டும் போதாது

வண்டியின் விவரத்தாளில் இருக்கை உயரம் போட்டிருக்கும். புல்லட் 350க்கு 80.5 செ.மீ.; ஸ்பிளெண்டர் பிளஸ்ஸுக்கு 78.5, அவெஞ்சருக்கு 73.7. நம் கால் அளவை எடுப்பது எளிது. சுவரோரம் செருப்பின்றி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களின் இடுக்கில் மேலே முட்டும்வரை உயர்த்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும்.

ஆனால் இந்த இரண்டு எண்களை மட்டும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. நாம் உட்கார்ந்ததும் சுருள்வில் அமுங்கி இருக்கை தாழும். ஹூக் விதிப்படி, கனமானவருக்கு அதிகமாகவும் மெலிந்தவருக்குக் குறைவாகவும். மெலிந்து குள்ளமாக இருப்பவருக்கு இரட்டை நட்டம்! அகன்ற இருக்கை தொடைகளை விரித்துவிடுவதால் காலின் செங்குத்து நீளம் குறையும். ஆகவே முன்பக்கம் குறுகிய இருக்கை, தாளில் உயரமாகத் தெரிந்தாலும் கால் எட்டக் கூடியதாக இருக்கலாம்.

எடையும் தனித்து நின்று பேசாது. அவெஞ்சர் ஸ்பிளெண்டரைவிட ஏறத்தாழ 50 கிலோ அதிகம். ஆயினும் குட்டையானவர் அதன்மேல் இரு பாதமும் ஊன்றி நிம்மதியாக அமர்வார். சாயாத வண்டியின் எடை தரைக்குத்தான் சுமை, நமக்கில்லை. ஆனால் அதே வண்டியை வீட்டுப் படியேற்றவோ, குறுகிய சந்தில் பின்னால் தள்ளித் திருப்பவோ வேண்டுமானால் 50 கிலோவின் அருமை அன்றாடம் தெரியும். சந்து வீட்டுக்காரர் இலேசான வண்டியையும், நெடுஞ்சாலைப் பயணிகள் தாழ்ந்த நீள வண்டியையும் நாடுவது இதனால்தான்.

மாணவி கடைசியில் 112 கிலோ எடையுள்ள வண்டியைத் தேர்ந்தெடுத்து, இருக்கை தைப்பவரிடம் கொடுத்து நுரைப் பஞ்சை 2½ செ.மீ. குறைத்துக்கொண்டார். மேற்சொன்ன கணக்கை இந்த வண்டிக்குப் போட்டால் சென்டிமீட்டருக்கு 13 கிலோ. ஆக 30 கிலோவுக்கு மேல் மிச்சம். பள்ளங்களில் இடுப்பு கொஞ்சம் முணுமுணுக்கும் என்றார். அந்த விலை உண்டு. இன்னொரு பழக்கமும் கைவந்தது. நிற்கும்போது இருக்கையிலிருந்து இடுப்பைச் சற்றே இடப்பக்கம் நகர்த்திவிட்டால், வண்டியைச் சாய்க்காமலே கால் தரையை எட்டும். தன் எடை காலின்மேல், வண்டியின் எடை சக்கரத்தின்மேல். பின்புறச் சுருள்வில்லை மாற்றி வண்டியையே தாழ்த்துவதை நான் விரும்புவதில்லை. முன்சக்கரத் தண்டின் சாய்வு மாறி, திருப்பும் தன்மை கெடும். முகப்பு விளக்கும் வானத்தைப் பார்க்கும்.

உயரமானவர்களுக்கும் தொல்லை உண்டு, ஆனால் அது முழங்காலில். இருக்கைக்கும் கால்மிதிக்கும் இடைவெளி 55 செ.மீ. என்போம். தொடையும் கீழ்க்காலும் தலா 38 செ.மீ. உள்ளவருக்கு முழங்கால் 93 பாகையில் மடங்கும். தலா 45 செ.மீ. உள்ளவருக்கு 75 பாகைதான். ஒரு மணி நேரத்தில் கால் மரத்துவிடும். கொசைன் விதி படித்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

சைக்கிளும் ஒரு சுருள்வில் தராசும் போதும். சைக்கிளின் கைப்பிடியில் தராசைக் கட்டிக் கிடைமட்டமாக இழுத்துப் பிடியுங்கள். மறுபக்கம் நண்பர் ஒருவர் காவலாக நிற்கட்டும். நூலில் கல் கட்டி, கோணமானியால் சாய்வை அளந்து, 5, 10, 15 பாகைகளில் தராசு காட்டுவதைக் குறியுங்கள். பிறகு பின்புறக் கேரியரில் பத்துக் கிலோ அரிசிப் பையைக் கட்டி மறுபடியும் அளவுகளை எடுங்கள். அடுத்து அதே பையைக் கீழே, பெடலுக்கு அருகில், ஆடாதபடி சட்டத்தோடு இறுக்கிக் கட்டி அளவுகளை எடுங்கள். இரு முறையும் பை ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். தராசு காட்டும் வித்தியாசத்திலிருந்து இரு நிலைகளிலும் பையின் உயரங்களுக்கு இடையேயான வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று முயன்று, பிறகு அளவுகோலால் அளந்து ஒப்பிடுங்கள்.