சொத்தைக் கத்திரிக்காய்க்கு நற்சான்று எதற்கு?

சேலத்திலோ நாமக்கல்லிலோ விடியற்காலையில் உழவர் சந்தைக்குப் போய்க் கத்திரிக்காய்க் குவியலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "ஓட்டை இருக்கிற காயாப் பார்த்துப் பொறுக்குங்க. புழு தின்ன காய்லதான் மருந்து இருக்காது" என்று யாராவது யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பார். கேட்பவரும் பெரிய ரகசியம் கிடைத்ததுபோல் தலையாட்டுவார். இந்தப் பேச்சு இப்போது மாடித் தோட்டங்களுக்கும் ஏறிவிட்டது. வீட்டுச் செடியில் காய்க்குக் காய் துளை விழுந்தாலும், "இயற்கையா வளருதுன்னு அர்த்தம்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

இதில் பாதிகூட உண்மை இல்லை. காயின் ஓட்டையை வைத்து மருந்துக் கணக்கைச் சொல்லவே முடியாது. ஏன் என்று தெரிய, அந்தப் புழு எப்படிப் பிழைக்கிறது என்று பார்த்தால் போதும்.

கத்திரியைக் கெடுப்பது தண்டு, காய்த் துளைப்பான். வெள்ளை இறக்கையில் பழுப்புத் திட்டுகள் கொண்ட சிறு அந்துப்பூச்சி அதன் தாய். இரவில் பறந்து வந்து, இலையின் அடிப்புறம், குருத்து, மொட்டு, காம்புத் தொப்பி என ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டுப் போகும். முட்டை பொரிந்த சில மணி நேரத்திலேயே புழு குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்துவிடுகிறது. நுழைந்த வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்தும் கொள்கிறது. அந்தத் துளை ஊசி குத்தியது போலத்தான் இருக்கும், காய் பெருக்கும்போது தழும்பு ஆறிவிடும். சந்தையில் நம் கண்ணுக்குப் படுகிற பெரிய ஓட்டை, தின்று கொழுத்த புழு கூட்டுப்புழுவாக மாறுவதற்காக வெளியேறிய வழி. அதாவது ஓட்டை உள்ள காயில் புழு பெரும்பாலும் கிளம்பிப் போயிருக்கும். ஓட்டையே இல்லாத வழவழப்பான காயை அரியும்போதுதான் இளஞ்சிவப்பாக ஒன்று நெளியும்.

சரி, மருந்து எங்கே வருகிறது? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட புழுவை மேலே தெளிக்கிற மருந்து தொடாது. வெளியே திரிகிற அந்தச் சில மணி நேரத்தில் பட்டால்தான் உண்டு. அதனால்தான் கத்திரி பயிரிடுகிறவர்கள் விட்டுவிட்டு அடிக்காமல் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். அப்படியும் சொத்தை விழுகிறது. ஆகவே, புழு தின்ற காய் பத்துத் தடவை மருந்து குடித்த காயாகவும் இருக்கலாம். குருத்தைக் கிள்ளி, பொறி வைத்துக் கவனமாக வளர்த்தவரின் காய் பளிச்சென்றும் இருக்கலாம். காயில் எஞ்சும் நஞ்சைத் தீர்மானிப்பது எதை அடித்தார்கள், அடித்து எத்தனை நாள் கழித்துப் பறித்தார்கள் என்பதுதான். அதைப் புழுவிடம் கேட்டுப் பயனில்லை, விற்பவரிடம் கேட்க வேண்டும்.

இதே வதந்திக்கு ஒரு தங்கையும் உண்டு: "பளபளன்னு இருந்தா அது பி.டி. கத்திரிக்காய்." இந்தத் துளைப்பானைத் தாங்கும்படி மரபணு மாற்றிய பி.டி. கத்திரியை மஹிகோ நிறுவனம் உருவாக்கியது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் அதில் பங்கு இருந்தது. 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் குழு பச்சைக்கொடி காட்டியது. ஊர் ஊராகக் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்தி வைத்தார். வங்கதேசம் 2014இல் நாற்றை விவசாயிகளுக்குக் கொடுத்தது. இந்தியாவில் அதைப் பயிரிட இன்னும் அனுமதி இல்லை. 2019இல் அரியானாவின் ஃபதேஹாபாத்தில் திருட்டுத்தனமாகப் பயிரிட்டது தெரிந்தபோது அது நாடு முழுக்கச் செய்தியானதே அதனால்தான். தலைவாசல் சந்தையில் இறங்குகிற மூட்டைக் காயெல்லாம் பி.டி. என்பவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்.

வீட்டுத் தோட்டக்காரர் செய்ய வேண்டியது எளிது, ஆனால் தினம் செய்ய வேண்டும். காலையில் செடியைச் சுற்றி வரும்போது ஏதாவது ஒரு குருத்து மட்டும் தலை தொங்கி நின்றால், தண்ணீர் போதவில்லை என்று குடத்தைத் தூக்காதீர்கள். வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டித் தண்டைப் பிளந்து பாருங்கள். புழு உள்ளேயே இருக்கும். அதைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வெட்டிய குருத்தையும் சொத்தைக் காயையும் குப்பைக் குழியில் வீசினால், புழு அங்கேயே காய்ந்த சருகுக்குள் சாம்பல் நிறக் கூடு கட்டி, அந்தாகத் திரும்பி வரும். அடிக்காதே என்றால் சும்மா இரு என்று பொருள் கொண்டவர்கள் செய்கிற பெரிய பிழை இதுதான். அந்து வருவது இரவில் என்பதால் நாலைந்து செடி உள்ளவர்கள் மாலையில் கொசுவலையைப் போர்த்திக் காலையில் எடுத்துவிடலாம். இனக்கவர்ச்சிப் பொறியில் விழுவது ஆண் அந்து மட்டும், அதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. ஆனி, ஆடியில் நம் தெருவிலேயே சும்மா கொட்டிக் கிடக்கிற வேப்பங்கொட்டையை எடுத்துக் காயவைத்து, 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். அதுவும் உள்ளே போன புழுவைக் கொல்லாது, இனி வருவதைத்தான் தடுக்கும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. அடியில் குழி இருந்தால் பெண் காய், மேடாக இருந்தால் ஆண் காய் என்பது வெறும் கதை. கத்திரியின் ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு, காய்க்கு அந்த வேறுபாடே கிடையாது. கோழி எரு செடியை எரித்துவிடும் என்பது பச்சை எருவுக்குப் பொருந்தும். நாமக்கல் பக்கம் எருவுக்குப் பஞ்சமில்லை, மட்கவைத்துப் போட்டால் ஒன்றும் ஆகாது. கத்திரி ஒரு போகத்தோடு சரி என்பதும் தவறு. நோயில்லாத செடியைக் கவாத்து செய்தால் மறுபடி தழைத்துக் காய்க்கும்.

பூ உதிர்வதற்குக் கண்ணேறு என்று செடிக்குப் பக்கத்தில் பானைக்குப் பொட்டு வைத்துக் கவிழ்க்கிறவர்கள் ஒரு பூவைத் திருப்பிப் பார்க்கலாம். மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாக நிற்கும். நடுவில் உள்ள பச்சைச் சூல்முடி அந்தக் கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது காய்க்கிற பூ. கூம்புக்குள் குட்டையாகப் பதுங்கியிருந்தால் அது உதிரத்தான் செய்யும், எந்தச் செடியிலும் அப்படிச் சில பூக்கள் இருக்கும். கத்திரி வெயிலில் சேலம் 38 டிகிரியைத் தாண்டும்போது நல்ல பூவும் உதிரும்.

இன்னொரு காரணம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கத்திரியின் மகரந்தப் பை நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் தூள் கொட்டும், அதற்குப் பூவை அதிரவைக்க வேண்டும். தேன் கூட்டுத் தேனீக்களுக்கு அந்த வித்தை தெரியாது. வயிற்றில் நீலப் பட்டை போட்ட மண் தேனீயும் கருவண்டு போல ரீங்கரிக்கும் தச்சுத் தேனீயும்தான் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குலுக்கித் தூளை உதிர்க்கும். நீலப்பட்டைத் தேனீ மண்ணிலும் மண் சுவரிலும் குழி தோண்டி முட்டை வைப்பது. நம் புது வீடுகளிலோ மதில் முதல் வாசல் வரை டைல்ஸ் ஒட்டி, ஒரு சாண் மண்கூட மிச்சம் வைப்பதில்லை. பிறகு காய் பிடிக்கவில்லை என்று டானிக் வாங்கக் கடைக்கு ஓடுகிறோம். அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். அடுத்த முறை கொத்தனார் வரும்போது, மதிலோரம் நாலடி மண்ணையாவது சிமென்ட் பூசாமல் விடச் சொல்லுங்கள்.