ஆசிரியர் பணியை அளப்பது எவ்வாறு?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியொன்றைப் பார்வையிடச் செல்லும் அலுவலர், முதலில் வருகைப் பதிவேட்டைக் கேட்கிறார். அடுத்து மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டுகிறார். சுவரிலுள்ள படங்களைக் கண்டு மகிழ்கிறார். தேநீர் அருந்தியபின், பள்ளி நன்முறையில் நடைபெறுவதாகப் பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுகிறார். இவ்வளவுக்கும் இடையில் ஒரு குழந்தையேனும் வாய்விட்டு நான்கு வரி படிக்க அவர் கேட்டதில்லை. வட்டாரக் கல்வி அலுவலர் பலர் இதற்கு விலக்கு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் கட்டடம், குடிநீர், சத்துணவு ஆகியவற்றின் பொருட்டுப் பள்ளிக்குச் செல்லும் வளர்ச்சித் துறையினர்க்கும், ஊராட்சி மன்றத் தலைவர்க்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினர்க்கும் இக்குறை பொதுவானது.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இது குறித்துத் தெளிவாகவே கூறுகிறது. அதன் 24ஆம் பிரிவு, காலந்தவறாது பள்ளிக்கு வருதல், பாடத்திட்டத்தை முடித்தல் ஆகியவற்றோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் ஆற்றலையும் மதிப்பிட்டு, வேண்டுமிடத்துக் கூடுதலாகக் கற்பித்தலும், பெற்றோரைக் கூட்டி முன்னேற்றத்தை எடுத்துரைத்தலும் ஆசிரியரின் கடமைகள் என்கிறது. சட்டத்தின் அலகு ஒவ்வொரு குழந்தை. நாம் பார்ப்பதோ வகுப்பின் சராசரி. கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். இரு பள்ளிகளில் மூன்றாம் வகுப்பில் பத்துப் பத்துக் குழந்தைகள். முதற் பள்ளியில் சூன் மாதத்திலேயே எழுவர் பத்தி படிப்பர். மூவர் சொற்களை மட்டும் படிப்பர். மார்ச்சில் எண்மர் பத்தி படிக்கின்றனர். இருவர் சொல்லளவிலேயே நிற்கின்றனர். இரண்டாம் பள்ளியில் சூன் மாதம் பத்தி படிப்பவர் ஒருவர், சொற்களைப் படிப்பவர் மூவர், எழுத்துகளை மட்டும் அறிந்தோர் அறுவர். மார்ச்சில் பத்தி படிப்போர் ஐவர், சொற்களைப் படிப்போர் நால்வர். எழுத்தளவில் நிற்பவர் ஒருவரே. விழுக்காட்டில் நோக்கினால் முதற் பள்ளி 80, இரண்டாம் பள்ளி 50. கேடயம் யாருக்கு என்று கேட்டால் அவை முழுவதும் முதற் பள்ளியையே சுட்டும். ஆனால் எழுத்து, சொல், பத்தி என்னும் மூன்று படிகளில் குழந்தைகள் ஏறிய படிகளை எண்ணிப் பாருங்கள். முதற் பள்ளியில் ஓராண்டு முழுவதும் ஏறியது ஒரே படி. இரண்டாம் பள்ளியில் ஒன்பது! முதற் பள்ளி ஆசிரியர் உழைக்கவில்லை என்று இதனால் முடிவு கட்டுவதும் முறையன்று. முன்னரே பத்தி படித்த எழுவர்க்கு இந்த ஏணியில் மேற்படி இல்லை. படித்ததைத் தம் சொற்களிற் கூறல், தாமாக நான்கு வாக்கியம் எழுதல் என்று அவர்களுக்கு வேறு படிகள் அமைத்துப் பார்க்கவேண்டும். மேலும், பத்துப் பேர் உள்ள வகுப்பில் ஒரு குழந்தை பரீட்சை நாளில் காய்ச்சலாகப் படுத்தால் விழுக்காட்டில் பத்து குறையும். அத்தகைய எண்ணைக் கொண்டு ஆசிரியரைப் புகழ்வதும் இகழ்வதும் வீண்.

2022ஆம் ஆண்டு தமிழகத்தில் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்தது இவ்வுண்மையை உணர்ந்தே. தொடக்க நிலையைக் குறித்துக்கொள்ளாமல் முன்னேற்றத்தைப் பேசுவது, விதைத்த நெல்லின் அளவறியாமல் விளைச்சலைப் புகழ்வதை ஒக்கும்.

படிப்பறிவைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பாடப்புத்தகத்திலிருந்து கேட்டால், மனப்பாடம் செய்த குழந்தை படத்தைப் பார்த்தே ஒப்பித்துவிடும். ஆதலால் படத்தைக் கையால் மறைத்து, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கச் சொல்லலாம். அன்றிக் கடைப் பலகையிலும் பேருந்திலும் உள்ள சொற்களை ஒரு தாளில் எழுதிக் காட்டலாம். கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகளில் குழந்தை தயங்குகிறதா, லகர ளகர ழகரங்களைப் பிரித்தறிகிறதா என்பது இரண்டு நிமிடங்களிற் புலனாகும்.

ஆயினும் ஆசிரியரின் பணியை அறிய நான் பெரிதும் நம்புவது கணக்கு நோட்டுகளையே. 52இலிருந்து 17ஐக் கழிக்கும் கணக்கில் குழந்தை 45 என்று எழுதியிருக்கிறது என்க. அது கவனக்குறைவு அன்று; ஒன்றின் இடத்தில் 2இலிருந்து 7ஐக் கழிக்க இயலாமையால் 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்டது. ஒரு நோட்டில் மட்டும் இப்பிழை இருப்பின் அக்குழந்தைக்குத் துணை வேண்டும். வகுப்பின் பெரும்பாலான நோட்டுகளில் இருப்பின், கடன் வாங்கிக் கழித்தலைப் புளியங்கொட்டையோ குச்சிக்கட்டோ கொண்டு மீண்டும் கற்பிக்கவேண்டும். பிழைக்கு நேரே சிவப்பு மையில் சரியென்ற குறி இருப்பின், நோட்டு திருத்தப்பட்டதேயன்றிப் படிக்கப்படவில்லை என்பது தெளிவு. இரண்டு வாரங்கள் கழித்து அதே வகைக் கணக்கு அதே நோட்டில் 35 என்ற விடையுடன் காணப்படுமாயின், அந்த ஆசிரியரைப் பாராட்ட வேறு சான்று வேண்டுவதில்லை.

மதிப்பெண்ணையே ஆசிரியரின் ஊதியத்தோடு பிணைத்துவிடலாமே என்று கூறுவோர் உண்டு. இது புதிய யோசனையன்று. 1862ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் குழந்தைகள் பெற்ற தேர்ச்சியைப் பொறுத்தே பள்ளிகளுக்கு மானியம் அளிக்கப்பட்டது. தவறிய பாடம் ஒவ்வொன்றிற்கும் மானியம் குறைக்கப்பட்டது. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மத்தேயு ஆர்னால்டு இம்முறையை வன்மையாகக் கண்டித்தார். பரீட்சைக்குரிய நூலை உருப்போடுவதே கல்வி ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்திலும் இம்முறை இருந்து பின்னர்க் கைவிடப்பட்டது. தாமே இட்ட மதிப்பெண்ணால் தாமே எடைபோடப்படும் நிலையில், நேர்மையான ஆசிரியர்க்கும் பேனா சற்றுச் சாயும்.

ஆசிரியரின் நிலையையும் கருதவேண்டும். அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர் இருவர், வகுப்புகளோ ஐந்து. ஒருவர் பயிற்சிக்குச் சென்ற நாளில் ஐந்து வகுப்புகளும் ஒரே அறையில் அமர்கின்றன. மக்கட்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை நீங்கலாகக் கல்விசாராப் பணி எதற்கும் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்று சட்டத்தின் 27ஆம் பிரிவு விதித்துள்ளதை, புள்ளிவிவரம் கேட்டுக் கடிதம் எழுதும் அலுவலகங்கள், நம்முடையது உட்பட, நினைவில் வைக்கவேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்காற்பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அவர்களுள் எழுதப் படிக்க அறியாதவரும் தம் குழந்தை படிப்பதைக் காது கொடுத்துக் கேட்கவல்லவர். நாற்பது பக்க நோட்டொன்றில் குழந்தைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, சூன், செப்டம்பர், சனவரி, மார்ச்சு ஆகிய மாதங்களில் அது நிற்கும் படியையும், நிற்பதற்கான காரணத்தையும் ஆசிரியர் குறித்துவரலாம். குழுக் கூட்டத்தில் அந்தந்தப் பெற்றோர்க்கு அந்தந்தப் பக்கம் மட்டும் காட்டப்படவேண்டும். கிராம சபையில் குழந்தைகளின் பெயர்களை வாசிப்பது கூடவே கூடாது; அங்கே பேசவேண்டியது எத்தனை பேர் எந்தப் படியில் உள்ளனர், ஊராட்சி என்ன செய்யவேண்டும் என்பதே. செங்கற்சூளை வேலைக்குப் பெற்றோருடன் செல்லும் குழந்தைகளை, ஊரைவிட்டுப் புறப்படுமுன் ஒருமுறை படிக்கக் கேட்டுப் பதிந்து, அப்பக்கத்தின் படியொன்றைத் தாயிடம் கொடுத்தனுப்பினால், சென்ற இடத்துப் பள்ளி எழுத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிராது.