வைகறை ஒளியும் நீர்ப்பறவைப் படமும்

படம் பிடித்தல் என்பது ஒளியைப் பிடித்தலேயாம். ஒளியின் இயல்பை அறியாதார்க்குக் கருவி எத்துணை உயர்ந்ததாயினும் பயன் சிறிதே.

சூரியன் அடிவானில் நிற்குங்கால், அதன் கதிர்கள் உச்சியில் நிற்கும்போது கடப்பதினும் ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகின்றன. நீல ஒளி வழியிற் சிதறிவிட, எஞ்சிய ஒளி பொன்னிறமுற்று, நிழலைக் கடுமையாக்காது படர்கின்றது. இச்சிதறலின் விதியை ஆங்கில அறிஞர் இரேலி 1871ஆம் ஆண்டில் விளக்கினார்.

கல்முனை கிழக்கே கடலையும் மேற்கே வயல்வெளியையும் உடையது. ஆதலின், உதயசூரியனை முதுகில் ஏற்று மேற்கு நோக்கி நிற்போர்க்கு, வயலில் மேயும் கொக்கும் நாரையும் நேரொளி பெற்றுத் தோன்றும். ஆயினும், நாம் வாழ்வது வட அகலக்கோடு 7 பாகையை அடுத்து. இங்கே சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாக எழுந்து, மணிக்கு 14 பாகையளவு உயர்கின்றது. மென்னொளி ஒரு மணி நேரத்துக்கு மேல் நில்லாது.

வெண்கொக்கைப் பிடிப்போர் ஒன்றை நினைவிற் கொள்க. ஒளிமானி எப்பொருளையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே மதிக்கும். கொக்கு படச்சட்டத்தை நிறைப்பின் ஒளியைச் சிறிது கூட்டுக. இருண்ட நீர்ப்பரப்பிடையே சிறிதாய்த் தோன்றின் குறைத்திடுக.

காலம் குறுகியதென்று கூட்டை நெருங்குதல் தகாது. 2010ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட குமணையில் நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் முதலியன கூடு கட்டுகின்றன. தாய்ப்பறவை அஞ்சி எழுந்தால் முட்டையைக் காகம் கவரும். குஞ்சு வெயிலில் வாடும். அசையாதிருந்து, பறவை தானே அணுகுமளவும் காத்திருப்போனே நற்படம் பெறுவான். ஒரு படத்தின் விலையாக ஒரு கூட்டினை அழித்தல் எக்கலைக்கும் அழகாகாது.