கழிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் முதல் முடக்கமும்

மாடு வாங்குகிறவன் அதன் விலையை மட்டும் எண்ணித் தீவனச் செலவை எண்ணாவிடில், சில மாதங்களில் மாடு எலும்பும் தோலுமாய் நிற்கும். கையிலுள்ள பணம் முழுவதையும் முதலிலேயே செலுத்திக் கழிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சொந்தமாக்கிக் கொள்ளும் நகரசபைக்கும் இக்கதி நேரிடக்கூடும். இது நகரத்தார் விஷயமென்று விவசாயிகள் வாளாவிருத்தல் கூடாது. நிலையம் நின்றால், அழுக்கு நீர் ஆற்றிலும் வாய்க்காலிலும் இறங்கி முடிவில் வயலுக்கே வந்து சேர்கிறது.

இதற்குக் கங்கைக் கரையின் அனுபவமே சான்றாகும். 1986-ல் தொடங்கி வைக்கப்பட்ட கங்கைச் செயல் திட்டத்தின் முதற்கட்டத்தில் கட்டடச் செலவையும் யந்திரச் செலவையும் மத்திய சர்க்கார் ஏற்றது. நிலையங்களை நடத்தும் பொறுப்பு மாநிலங்களிடமும் ஊர்ச் சபைகளிடமும் விடப்பட்டது. மின்தடையாலும் பணமுடையாலும் பல நிலையங்கள் சரிவர இயங்கவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நகரங்களில் நாள்தோறும் உண்டாகும் கழிநீர் சுமார் 7,236 கோடி லிட்டர். அமைக்கப்பட்டுள்ள நிலையங்களின் கொள்ளளவு சுமார் 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டதோ சுமார் 2,023 கோடி லிட்டரே. கட்டி முடித்தவற்றிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயனற்றுக் கிடந்தது என்பது இதனால் விளங்கும்.

குறைகள்

1. முதல் முடங்குதல்: பிற்காலத்து ஜனத்தொகையைக் கருதியே நிலையம் கட்டப்படுகிறது. வீடுகளுக்குக் குழாய் இணைப்புக் கிடைக்கத் தாமதமானால், பெரிய தொட்டிகள் பாதி வெறுமையாய்க் கிடக்கும். கடன் வாங்கியிருப்பின், ஒரு குடம் நீர் சுத்தமாவதற்கு முன்பே வட்டி ஏறத் தொடங்கும்.

2. நடைமுறைச் செலவுக்குப் பணமின்மை: கழிநீரிலுள்ள அழுக்கைத் தின்று அழிப்பவை நுண்ணுயிர்கள். காற்றூட்டும் முறையில் அவை உயிர்வாழ யந்திரங்கள் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்சாரம் நெடுநேரம் நின்றால் அவை மடியும். மறுபடி பெருகப் பல நாட்கள் ஆகும். கசடு அகற்றலும் மராமத்தும் ஓயாச் செலவுகளாகும்.

3. பிடி நழுவுதல்: வேலை முடிந்ததும் முழுத்தொகையும் பெற்றுக்கொண்ட ஒப்பந்தக்காரருக்கு, ஐந்தாண்டுக்குப் பின் நீர் தெளிவாக வருகிறதா என்பதில் அக்கறை இராது. பழுதின் பாரம் முழுவதும் உடையவர் தலையில் விழும்.

4. விதி மாறுதல்: சுத்திகரித்த நீரின் தரத்துக்கு 2017-ல் மத்திய சர்க்கார் அளவுகளை விதித்தது. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவற்றினும் கடுமையான அளவுகளைக் கோரிற்று. பழைய நிலையத்தை மாற்றியமைக்க உடையவரே மறுபடி முதல் தேடவேண்டும்.

மாற்று வழி

மத்திய சர்க்கார் 2016-ல் ஏற்ற ஒரு முறையில், கட்டுமானச் செலவில் நூற்றுக்கு 40 பங்கு வேலை நடக்கும்போது வழங்கப்படுகிறது. எஞ்சிய 60 பங்கு 15 ஆண்டுகளில் தவணையாகத் தரப்படுகிறது. கட்டியவரே நிலையத்தை நடத்துகிறார். நீரின் தரம் குறைந்தால் அவர் பெறும் தொகையும் குறையும். இம்முறையில் ஹரித்துவாரை அடுத்த ஜகஜீத்பூரில் நாளொன்றுக்கு 6.8 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் 2020-ல் திறக்கப்பட்டது. எனினும் தவணையுடன் வட்டியும் சேர்வதால், மொத்தச் செலவு கூடக்கூடும். போதிய நிதியும் தேர்ந்த யந்திரப் பணியாளரும் உள்ள சபைக்குச் சொந்த நிலையமே சிக்கனமாகலாம்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

நிலையம் இருப்பது வேறு, அதன் நீர் பாசனத்துக்குத் தக்கதாயிருப்பது வேறு. கான்பூரை அடுத்த ஜாஜ்மௌவில் தோல் பதனிடும் சாலைகளின் கழிவையும் ஊர்க் கழிநீரையும் கலந்து சுத்திகரித்த நீர் சுற்றுக் கிராமங்களின் வயல்களுக்குப் பாய்ந்தது. குரோமியம் மண்ணில் தங்கிற்று. ஆகவே தங்கள் ஊர்ப்பக்கம் நிலையம் வரும்போது விவசாயிகள் மூன்று கேள்விகளைக் கேட்பார்களாக: மின்சாரத்துக்கும் மராமத்துக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்பட்டுள்ளதா? நீரின் தரம் குறைந்தால் யாருடைய பணம் பிடிக்கப்படும்? பரிசோதனை முடிவுகள் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படுமா? இவற்றுக்கு எழுத்தில் விடை கிடைக்கும்வரை, அந்நீரைத் தம் வயலுக்குத் திருப்பாதிருப்பதே அவர்களுக்கு நலம்.