உங்க டேக்ஸ் கால்குலேட்டரில் 75,000 எத்தனை இடத்தில் இருக்கு?

நம்ம சேனலில் வரி வீடியோ பார்த்துட்டு, பைத்தானில் சொந்தமா ஒரு கால்குலேட்டர் எழுதி வெச்சிருக்கீங்களா? அந்தக் கோடைத் திறந்து 75,000 என்று தேடிப் பாருங்க. நாலு இடத்தில் வந்தால் சிக்கல்தான்.

இந்த ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 2018 பட்ஜெட்டில் 40,000 ரூபாய். 2019-ல் 50,000 ஆச்சு. 2024-ல் புதிய வரி முறைக்கு மட்டும் 75,000. அடுத்த தடவை மாறும்போது மூணு இடத்தில் திருத்திட்டு ஒண்ணை விட்டுடுவீங்க. அதனால அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வெச்சு, நிதியாண்டு வாரியா ஒரே இடத்தில் எழுதுங்க. பழைய ஆண்டை அழிக்காதீங்க, ரிவைஸ்டு ரிட்டர்ன் போட வேண்டி வந்தால் தேவைப்படும்.

அடுத்து டெஸ்ட். இதைத்தான் பெரும்பாலும் யாரும் எழுதுறதில்லை. பைடெஸ்டில் நாலு வரி போதும். 2025-26 நிதியாண்டு, புதிய முறை, சம்பளம் மட்டும்தான் வருமானம்னு வெச்சுக்குவோம். 12,75,000-க்கு வரி பூஜ்யம் வரணும். அது சுலபமா வந்துடும். இப்போ 12,80,000 போடுங்க. டிடக்‌ஷன் போக 12,05,000. ஸ்லாப்படி வரி 60,750. ஆனா மார்ஜினல் ரிலீஃப் இருக்கே! 12 லட்சத்தைத் தாண்டியது 5,000 ரூபாய்தான், அதுக்கு மேல வரி போகாது. 4% செஸ் சேர்த்தா 5,200.

உங்க கோடு 63,180 காட்டுதா? அதைத் திருத்தாம, பயந்துபோய் ஹெச்ஆரிடம் பழைய முறைன்னு டிக்ளரேஷன் கொடுத்துடாதீங்க.